மூடாத முகம்

முதலில் மூட வேண்டியது முகத்தைத்தானே. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கட்டியிருக்கிறாரே இந்த மனுஷன். கை, முதுகு, நாற்காலிக் கால் வரைக்கும் பழைய போர்வை. முகம் மட்டும் வெறுமனே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சுற்றியிருப்பேன்.

வாயைத் திறந்து அவள் இதைச் சொல்லவில்லை. வேனிலிருந்து தங்கையின் சிலையை இறக்கும்போதே பார்த்துவிட்டாள். உதட்டின் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பிளாஸ்டர் பெயர்ந்திருந்தது.

"கோச்சுக்காதீங்க அண்ணி," என்றார் தங்கையின் கணவர். "துணியைப் போடத்தான் போட்டேன். ஒரு தடவை அவ முகத்தை மூடினதே போதும்னு எடுத்துட்டேன்."



"மெதுவாடா மொட்டை," என்றார் சுமப்பவர்களில் பெரியவர். "இதென்ன உன் மாமியாரா, பொத்துன்னு போடறதுக்கு?"

"மாமியாரா இருந்தா இந்நேரம் எனக்கு வழி சொல்லிக்கிட்டே வந்திருக்கும்ணே," என்றான் மொட்டை.

மருத்துவமனையின் புதுக் காத்திருப்புக் கூடம் அது; சிலையை அங்கே வைக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரமாக அவள் அளந்துவிட்டுப் போயிருந்த இடத்தில் குடிநீர் மெஷின் நின்றது. சிலைக்குக் கிடைத்தது டோக்கன் மெஷினுக்கும் மருந்துக் கவுன்டருக்கும் நடுவில் ஒரு சந்து. போர்வைகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் தன் ஃபைலைச் சிலையின் மடியில் வைத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்தார்.

தங்கையும் இப்படித்தான் மடியில் ஃபைலோடு இங்கே பழைய கட்டடத்தில் காத்துக் கிடந்தாள், நாலு மாதம். வீட்டுக்கு அனுப்பிய நாட்களில் அக்காவின் பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்காருவாள். அக்கா கம்பி வளைத்து, சணல் சுற்றி, அவளைப் பார்த்துப் பார்த்துப் பூசினாள்.

"சிரிக்க மட்டும் சொல்லிடாதேக்கா," என்றாள் ஒருநாள். "வீட்டுல எந்நேரமும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு வாயே வலிக்குது. உன்கிட்டயாவது சும்மா இருக்கேன்."

அன்றைக்குப் பூசிய வாய்தான் இது. மறுபடி தொடவில்லை.

இப்போது கிண்ணத்தில் பிளாஸ்டரைக் குழைத்துப் பெயர்ந்த இடத்தைச் சிறு கத்தியால் நிரப்பினாள். பின்னால் மேனேஜர் வந்து நின்றார்.

"தத்ரூபமா இருக்கும்மா. அதான் பிரச்சினையே. வர்றவங்க ஏற்கெனவே நொந்துபோய் வர்றாங்க. கத்தி கையில இருக்கு, அப்படியே உதட்டோரத்தை ரெண்டு பக்கமும் லேசா மேல தூக்கிவிட்டுட்டீங்கன்னா..."

"இல்லேன்னா?"

"மாடிப்படிக்குக் கீழதான் போடணும். மேலிடத்துல சொல்லிட்டாங்க."

காய்ந்துபோனது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னால் நம்பிவிடுவார். உண்மையில் அரைமணி நேர வேலை. பொய் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதற்குள் தங்கையின் கணவர் அவள் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"செஞ்சுடுங்க அண்ணி. மத்ததெல்லாம் அவதான். இந்த வாய் யாரோடதுன்னே தெரியல. கடைசி நாள் வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டேதானே இருந்தா? அந்த ஒண்ணை வெச்சுத்தான் நான் நடமாடறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இருக்கிற அந்த ஒன்றும் போய்விடும். அவர் கேட்பதைச் செய்தால், தங்கை ஒரே ஒரு இடத்தில் இறக்கி வைத்த பாரத்தை மறுபடி அவள் தலையிலேயே ஏற்றியதாகும், இனி எந்தக் காலத்திலும் இறக்க முடியாதபடி.

கத்தியின் நுனியால் உதட்டோரத்தை வழித்துச் சமமாக்கினாள். முன்பு இருந்தது மாதிரியே. நேராக.

"வேண்டாம் தம்பி."

"ஏன் அண்ணி?"

கீழே கிடந்த போர்வைகளில் மெத்தென்று இருந்ததை எடுத்து உதறினாள்.

"மாடிப்படிக்குக் கீழேயே வெச்சிடுங்க," என்றாள் மேனேஜரிடம், குரலை உயர்த்தாமல். "இது காயட்டும். தூக்கறதுக்கு முன்னால முகத்தை நான் சுத்திடறேன்."