மாமா செய்த சாண்ட்விச்

அடுப்பு பற்றவைப்பது ஒரு வித்தையா என்று கேட்கலாம். ஆயுசில் பாதியை பஸ் ஓட்டியே கழித்த அந்த மனிதருக்கு அது வித்தையாகத்தான் இருந்தது. மனைவி இருந்தவரை அவர் சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவள் போன பிறகு மருமகள் பார்த்துக்கொண்டாள். மகனும் ஒரு காய்ச்சலில் கண்ணை மூடியபோது, தன்னை அழைத்துப்போக வந்த பிறந்த வீட்டாரிடம், "மாமாவ யார் பாத்துப்பா?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. காலையில் சமைத்து மூடிவைத்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் மறுபடி அடுப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது.

"உங்கமேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா மாமாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ராத்திரி ஒரு வாய் சூடா சாப்பிட ஆள் வேணும். அவர விட்டுட்டு அந்த ஊருக்கு நான் எப்படி வர்றது? கல்யாணத்துக்கு நீங்க வேற இடம் பாருங்க."

யாரென்று அவருக்குப் புரிந்தது. அவளோடு வேலை பார்த்துவிட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர். ஒருமுறை வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தவர். நல்ல மனிதர்.

மருமகள் முகம் கழுவிக்கொண்டு வந்து டீ கொடுத்தாள். கண் சிவந்திருந்தது.

அன்றிரவு பிரார்த்தனைக்கு உட்கார்ந்தார். அவள் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டவர், அந்த வேண்டுதலுக்குக் குறுக்கே தன் சாப்பாட்டுத் தட்டே கிடப்பதைக் கண்டார்.

மறுநாள் தெருமுனை பேக்கரிக்குப் போனார்.

"சீக்கிரமா, சூடா, ராத்திரிக்கு ஆகுற மாதிரி ஏதாவது சொல்லிக் குடுங்க. எனக்குச் சமையல்ல அனா ஆவன்னா தெரியாது."

"சாண்ட்விச் போடுங்க டிரைவர் சார். ரெண்டு ரொட்டி, நடுவுல எது இருக்கோ அது. கல்லுல வச்சுத் திருப்பிப் போட்டா முடிஞ்சுது. பஸ்ஸைவிட சுலபம், ரிவர்ஸே கிடையாது."

முதல் நாள் தக்காளியை அப்படியே வெட்டி வைத்தார். ரொட்டி ஊறி நடுவில் பிளந்துகொண்டது. அடுத்த நாள் மேலே கரி, உள்ளே சீஸ் உருகாமலே இருந்தது. மருமகள் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மாமா, வீட்டுக்குள்ள டயர் எரிச்சீங்களா?"

"பொழுது போகலம்மா" என்று சமாளித்தார்.

பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுப்பென்ன ஹைவேயா, மிதிச்சு ஓட்ட? தீயைக் குறைங்க. வெண்ணெயை ரொட்டிக்கு வெளிப்பக்கம் தடவுங்க. வெங்காயத்த முன்னாடியே வதக்கிடுங்க. மேல ஒரு கனமான பாத்திரத்தை வச்சு அழுத்துங்க, அப்புறம் பொறுமையா நில்லுங்க." அன்றைக்கு ரொட்டிக்கு அவர் காசு வாங்கவில்லை. எதற்காக இந்தப் பாடு என்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதும் ஒரு தர்மம்தான். அதைச் செய்பவர்களுக்குக் கடவுள் தனியாகக் கணக்கு வைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது, மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. பொன்னிறமாய் முறுகிய ரொட்டி. உள்ளே மசித்த உருளைக்கிழங்கும் வதக்கிய வெங்காயமும் மிளகும். விளிம்பில் சீஸ் உருகி நின்றது.

அவள் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"நல்லா இருக்கு மாமா. நிஜமாவே நல்லா இருக்கு."

"நாளைக்கு முட்டை வச்சுப் பண்ணுவேன். நாளன்னிக்கு மிஞ்சின பொரியல வச்சு. கால் மணி நேரம் போதும்மா. யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்."

அவள் கை பாதியில் நின்றது. அவர் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்குப் போன்ல பேசினத கேட்டீங்களா?"

"கதவு பலகைதானேம்மா. கல்லா?"

"அதுக்காகவா இந்த ஒரு வாரமா கையச் சுட்டுக்கிட்டீங்க?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு இது வேண்டாம் மாமா."

"தட்டைத் தள்ளாத. சாப்பாட்டுமேல கோபம் காட்டக் கூடாது." அவர் சிரிக்கப் பார்த்தார். "எம் பையன் இருந்தா உன்ன நல்லா வச்சிருந்திருப்பான். அவனுக்குக் குடுத்து வைக்கல. அந்தக் கடனுக்கு நீ ஏம்மா உன் ஆயுச எழுதி வைக்கிற?"

"அப்ப நீங்களும் எங்ககூட வாங்க."

"புது வீட்டுக்குப் பழைய மாமனாரா? அந்த மனுஷன் நல்லவர்தான், அதுக்காக அவர் தலையில இவ்வளவு பாரம் ஏத்தலாமா? லீவுக்கு ரெண்டு பேரும் வாங்க. நான் செஞ்சு போடறேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மகன் போன அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை. அவர் தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெகுநேரம் கழித்து, "வேண்டாம்னு சொல்லிட்டேனே மாமா" என்றாள்.

"தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு. நல்ல மனுஷங்களுக்கு அது போதும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவருடைய சாண்ட்விச் ஆறிப்போயிருந்தது. கடித்தார். எடுத்து மூடிவைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் அவள் வெளியே வந்ததும் முதலில் பார்க்கப்போவது அவர் தட்டைத்தான். தண்ணீரைக் குடித்துக் குடித்து, கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டு முடித்தார்.