பத்துக்கு ஒன்பது

மாநில மகளிர் மேசைப்பந்து இறுதிப் போட்டி தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. மேசையின் ஒரு முனை தூத்துக்குடியிலும் மறுமுனை திருநெல்வேலியிலும் இருந்தன. தூத்துக்குடி முனையில் பெர்பெத்துவா ஆடினாள். திருநெல்வேலி முனையில் சங்கரவடிவு.

தொடங்கும்போது மேசை ஒன்பதடிதான். இரண்டு ஊருக்கும் இடையில், வல்லநாட்டில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் வைத்து நடந்தது. ஆளுக்கு மூன்று ஆட்டம் எடுத்திருந்தார்கள். ஏழாவதில் பெர்பெத்துவா பத்துக்கு ஒன்பது என்று முன்னால் இருந்தாள். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அவள் சாம்பியன். வடிவு அந்தப் புள்ளியைக் கொடுக்கவில்லை. பந்து போவதும் வருவதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மேசையின் இரண்டு முனைகளும் அரங்கின் இரண்டு வாசல்களையும் தாண்டிவிட்டன. பெர்பெத்துவா பின்னால் நகர்ந்து நகர்ந்து, வெளியே ஒரு புளியமரத்தடியில் நின்று அடித்தாள். வடிவின் முகம் முதலில் ஒரு பொட்டளவு ஆயிற்று, பிறகு தெரியவில்லை. ஆட்டத்தின் நடுவில் மேசை நீண்டால் என்ன செய்வதென்று விதிப்புத்தகத்தில் இல்லை. அதனால் நடுவர் தவசிமுத்து ஆட்டத்தை நிறுத்தவில்லை. வலைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள்.

அதன்பிறகு மேசை நிதானமாகத்தான் வளர்ந்தது. சாலை குறுக்கிட்ட இடங்களில் பேருந்துகள் குனிந்து போயின. முறப்பநாட்டுப் பக்கம் சில பெண்கள் மேசைமேல் வடகம் காயப்போட்டார்கள். தவசிமுத்து சைக்கிளில் போய், பந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்று விளக்கியதும் அள்ளிக்கொண்டார்கள். இப்போது பந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் பதினோரு நாள் ஆயிற்று.

பெர்பெத்துவா இதற்கிடையில் மற்றப் போட்டிகளிலும் ஆடினாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கட்டாக்கில் வெள்ளி, இந்தூரில் தங்கம். அங்கெல்லாம் மேசை ஒன்பதடியிலேயே நின்றது. அடித்த மறுநொடி பந்து திரும்பி வந்தது. எதிரே நிற்பவளைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டபோதுகூட அவள் நாள் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்: இன்றைக்கு நமது பந்து தெய்வச்செயல்புரம் தாண்டியிருக்கும். கல்யாணத்தையும் பந்து வந்துபோனதற்கு மறுநாள்தான் வைத்தார்கள். கணவர் ரொசாரியோ உப்பு வியாபாரம் பார்ப்பவர். பந்து வரும் நாளில் அவரே சமைத்துவிடுவார்.

வரும் பந்தை மட்டையில் ஏந்தும்போது அதன் சுழலிலிருந்து பெர்பெத்துவா எல்லாவற்றையும் தெரிந்துகொள்வாள். வடிவுக்குக் காய்ச்சல் என்றால் பந்து இடப்பக்கம் சரியும். வடிவின் அம்மா இறந்த மாதம் பந்து சுழலே இல்லாமல் வந்தது. பெர்பெத்துவா அதைச் சற்று நேரம்கூடக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. பிடித்தால் புள்ளி போய்விடும். தன்னால் முடிந்த அளவு மெதுவாக வருடி அனுப்பினாள்.

அவளுக்கு நாற்பது வயது ஆன மாசியில், பந்து மிக உயரமாக, மிக மெதுவாக, அவள் மட்டைக்கு நேர் எதிரே வந்து விழுந்தது. யார் வேண்டுமானாலும் அடித்து முடித்துவிடக்கூடிய பந்து. பள்ளி நாளிலிருந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்த ராயப்பன் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஓங்கி அடித்தால் பதினோரு நாளில் அவள் மாநிலச் சாம்பியன் என்றார். பட்டம் வந்தால் பதவி உயர்வு உறுதி என்று அலுவலகத்திலும் சொல்லியிருந்தார்கள். பெர்பெத்துவா கையை ஓங்கினாள். ஓங்கியபடி பந்தின் சுழலைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பந்தில் வலி இருந்தது. கையை இறக்கி, மட்டையைச் சாய்த்து, அதைத் தள்ளி மட்டும் விட்டாள். ராயப்பன் சார் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விடுப்புக் கேட்டாள். நாலாம் நாள் கிடைத்தது. மேசையை ஒட்டியே மேற்கே நடக்க ஆரம்பித்தாள். பந்தை அனுப்பிய ஐந்தாம் நாள் காலையில் வல்லநாடு வந்து சேர்ந்தபோது வலைக்கு அந்தப் பக்கம், நரை விழுந்த ஒரு பெண் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வடிவு பந்தை அடித்துவிட்டு நேரே அங்கே வந்து, இரண்டு வாரத்துக்கும் மேலாகக் காத்திருந்தாள். தோள்பட்டை தேய்ந்துவிட்டது, இனி ஆடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“அதான் உனக்கு வாகா ஒண்ணு போட்டு அனுப்பினேன்,” என்றாள். “நீ அடிச்சது இந்த வழியாத்தானே போகும், பாத்துட்டுப் போலாம்னு உக்காந்திருக்கேன்.”

“நான் அடிக்கலை.”

“ஏன்ட்டி?”

“அடிச்சா முடிஞ்சிரும்லா.”

 இத்தனை வருடத்தில் தானும் ஒரு பந்தைக்கூடப் பெர்பெத்துவா எட்டமுடியாத இடத்தில் போட்டதில்லை என்று வடிவு சொன்னாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். பெர்பெத்துவாவும் நீட்டினாள். தவசிமுத்து இருமினார். கைகுலுக்கினால் போட்டி முடிந்ததாக அர்த்தம். இரண்டு கைகளும் வலைக்கு ஒரு சாண் தள்ளி நின்று, திரும்பிப் போயின.

வடிவு அன்று காலையில் கொட்டகை அடுப்பில் கிளறியிருந்த புளியோதரையை வலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடிவின் மகளைப் பற்றி, ரொசாரியோவின் குறட்டையைப் பற்றி, முழங்காலைப் பற்றிப் பேசினார்கள். சுழலில் சொல்ல முடியாதவை நிறைய இருந்தன. இடது கையால் ஆட விதியில் தடையில்லை என்று தவசிமுத்து புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார். வடிவு இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் கிழக்கிலிருந்து பந்து வந்தது. மூவரும் எழுந்து நின்றார்கள். வலைக்கு மேல் நிதானமாகச் சுழன்று கடந்தது. அதன் பின்னால், நெல்லிக்காய் அளவில் இன்னொரு பந்து, வேகம் போதாமல் திணறிக்கொண்டு, அதைத் தொடர்ந்து வந்தது. வலையில் உரசிவிடாமல் கடந்து, பெரிய பந்தின் நிழலுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது.

தவசிமுத்து நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். குட்டிப் பந்துக்குப் பள்ளிக்கூடம் யார் முனைக்குக் கிட்டக்க இருக்கிறது என்று கேட்டார்.

“எங்க தெருவிலேயே இருக்கு,” என்றாள் பெர்பெத்துவா.

வடிவு யோசித்தாள். “அப்போ முழுப்பரீட்சை லீவுக்கு எங்கிட்ட அனுப்பிரு,” என்றாள்.