தாங்காத நாற்காலி

டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு டோக்கனக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். காலையில் கதவைத் திறந்து, தரையைத் துடைத்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் டாக்டர் கிளம்பும் வரை அங்கேதான் இருப்பாள். யாருக்கு என்ன வியாதி, யார் கடைசியாக எப்போது வந்தார்கள், யார் ஊசிக்குப் பயப்படுவார்கள் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வரிசையை மீறி உள்ளே நுழையப் பார்க்கிறவரை, "என்ன சார், டாக்டருக்கு ஒடம்பு சரியில்லையா, நீங்க பாக்கப் போறீங்க?" என்று கேட்டு நிறுத்திவிடுவாள். காய்ச்சலோடு வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

கடைச்சாமான்களின் மேல் அவளுக்குத் தீராத கோபம் உண்டு. கிளினிக்கில் பிளாஸ்திரியின் விலை ஏறியிருந்தது, ஆனால் அது ஒட்டவில்லை. "இது பிளாஸ்திரி இல்ல, விருந்தாளி. கொஞ்ச நேரம் இருந்துட்டுக் கெளம்பிடும்" என்பாள். வீட்டில் சோப்பு உறை அப்படியே இருக்க, உள்ளே சோப்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. வாளி வாங்கினால் தண்ணீர் நிரப்பும் முதல் நாளே கைப்பிடி கழன்று வந்தது. மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவள் கழன்ற கைப்பிடியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நிற்பாள். அவளுடைய கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரக் கணக்கில் வெளியூர்ப் பயணம். "நீ வர்றதைத் தூரத்துல பாத்தாலே கடைக்காரன் ஷட்டரை இறக்கிடுவான்" என்று கேலி செய்வார்.

அவளுக்கு ஒரே தம்பி. பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். பிளாஸ்டிக் மணிகளை மேலே கொட்டினால் மெஷின் அதை உருக்கி அச்சுக்குள் தள்ளும். அச்சு திறந்ததும் சூடாக ஒரு முழு நாற்காலி வெளியே வரும். ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தியால் சீவி, அடுக்கில் வைப்பது அவன் வேலை. முன்பெல்லாம் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு நாற்காலியை உருவி, கம்பெனியிலேயே பருமனான ஆளை அதன் மேல் ஏறிக் குதிக்கச் சொல்வார்கள். அவர் குதிக்கும்போது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள்.

பிறகு புது அச்சு வந்தது. கால்கள் மெலிந்தன. உட்காரும் பலகைக்கு அடியில் எடையைத் தாங்கக் குறுக்கே ஓடிய பட்டைகள் பாதியாகின. பிளாஸ்டிக் மணிகளோடு சுண்ணாம்புப் பொடியும், உடைந்த வாளிகளையும் குடங்களையும் அரைத்த தூளும் சேர்ந்தன. நாற்காலியின் முதுகில் தங்க நிறத்தில் 'கோல்டு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். விலையும் ஏறியது. குதிக்கும் சோதனை நின்றுபோனது. "இனிமே குதிக்க வேணாம், வெளியில யாரு குதிக்கிறாங்க?" என்றார் சூப்பர்வைசர். குதிக்கிறவரும் சிரித்தார், தம்பியும் சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து போன் வந்தது. தம்பி கேன்டீனில் இருந்தான். எதிரே சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, இங்க சேரெல்லாம் பழசாயிடுச்சு. டாக்டர் மாத்தணுங்கிறார். உங்க கம்பெனி சேர் எப்படி, வாங்கலாமா?"

"நல்லாத்தான்க்கா இருக்கும். வாங்கு."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டாள். எந்தக் கடைக்காரன் சொல்லையும் நம்பாதவள் அவள். பளபளவென்று புது நாற்காலிகள் வந்து இறங்கின. பழையவற்றைக் காயலான் கடைக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

ஒரு திங்கட்கிழமை. கூட்டம் நிரம்பி வழிந்தது. அக்கா எழுந்து போய் ஒரு குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டென்று ஒரு சத்தம். பின்னங்கால் ஒன்று வெளிப்பக்கமாக விரிந்து முறிந்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். விழும்போது மேஜையைப் பிடிக்கப் போய், டோக்கன் டப்பாவையும் இழுத்துப் போட்டாள். புடவை முழங்கால் வரை ஏறிக்கொண்டது.

முதலில் யாரோ 'ஐயோ' என்றார்கள். அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பியது. ஒருவர் சிரித்ததும் இன்னொருவருக்கு அடக்க முடியவில்லை. காதுவலிக்கு வந்திருந்த பெண்ணொருத்தி காதைப் பொத்திக்கொண்டே குலுங்கினாள். தூக்கிவிட வந்தவர்கள் முகத்திலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்துதான் அவளை எழுப்ப முடிந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு.

அக்கா புடவையைச் சரிசெய்தாள். "பாவம், அதுவும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்? என்னைக் கட்டினவரே பாதி நாள் ஊர்ல இருக்கிறதில்ல" என்றாள். எல்லோரும் இப்போது தாராளமாகச் சிரித்தார்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே எலும்பில் குத்துகிற மாதிரி வலி. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, முறிவு இல்லை என்றார். பிறகு தணிந்த குரலில், "எடையைக் குறைங்கம்மா. சர்க்கரை வேற இருக்கு. நான் எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

மறுநாள் யாரோ ஒரு நாற்காலியின் மேல் இன்னொன்றைச் செருகி, இரட்டையாக அவள் மேஜைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதில் உட்கார்ந்தால் அவள் மற்றவர்களைவிட உயரமாகத் தெரிந்தாள். 'டபுள் சேர்' என்று ஒரு பெயர் புறப்பட்டது. பக்கத்து மருந்துக்கடைப் பையன்கள் சொல்வது அவள் காதிலேயே விழுந்தது. கழன்ற கைப்பிடியோடு கடை ஏறியவள், உடைந்த நாற்காலியை மட்டும் எங்கும் எடுத்துப் போகவில்லை. அதைக் கிளினிக்கின் பின்பக்கம் சுவரோரமாக, யார் கண்ணிலும் படாதபடி திருப்பி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தபோது கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"சேர் ஒடைஞ்சுது."

"எப்படி?"

"எப்படின்னா? யானை உக்காந்தா முக்காலி என்ன செய்யும்?"

அவனுக்கு வாய் வரை வந்தது. எந்தக் கால், எந்த இடத்தில் முறிந்திருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியும். ஆனால் அக்காவின் வாய் சும்மா இருக்காது. டாக்டரிடம் சொல்வாள். டாக்டர் கடைக்காரனைக் கூப்பிடுவார், கடைக்காரன் கம்பெனிக்குப் போன் போடுவான், யார் சொன்னது என்று கேட்பார்கள். இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, "பாத்து உக்காருக்கா" என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் ஞாயிறுதோறும் அவனுக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். அவள் உட்காரவில்லை. "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பாள். கன்னங்கள் வற்றின. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. "இளைச்சுட்டேக்கா, நல்லாருக்கு" என்று தம்பி சொன்னபோது அவள் முகம் சிறு பெண்ணைப் போல மலர்ந்தது. அது அவனுக்கும் நிம்மதியாக இருந்தது. சர்க்கரைக்காரி, இளைத்தால் நல்லதுதானே, எப்படியோ ஒரு நல்லது நடந்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

காலையில் கறுப்புக் காபி, மத்தியானம் ஒரு துண்டு வெள்ளரி, அதோடு சரி. சர்க்கரை மாத்திரையை மட்டும் விடாமல் போட்டு வந்தாள். சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரையையும் குறைக்க வேண்டும் என்று கிளினிக்கிலேயே எத்தனையோ பேருக்கு டாக்டர் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். தன் விஷயத்தில் அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால், பட்டினி கிடப்பதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு நாள் காலையில் கிளினிக் திறக்கவில்லை. நோயாளிகள் படியில் நின்றார்கள். டாக்டர் அவளுக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். அவளுடைய கணவர் லாரியோடு வெளியூரில் இருந்தார். தம்பி போய்க் கதவை உடைத்தான். அக்கா சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து ஈரமாக இருந்தது. அடுப்பின் மேல் காபிப் பாத்திரம் அப்படியே இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. எப்போது விழுந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நினைவு திரும்ப நாளானது, திரும்பியும் முழுதாகத் திரும்பவில்லை. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பேச்சு சரியாகத்தான் இருந்தது, எண்கள்தான் குழம்பின. ஐந்துக்கு அடுத்தது என்ன என்று நர்ஸ் கேட்டால் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அடுத்த டோக்கன்" என்பாள். நகைச்சுவைக்குச் சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது.

லாரியிலிருந்து ஓடி வந்த கணவர் கட்டிலருகே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மருந்து வாங்க வெளியே போன நேரத்தில் தம்பி அக்காவின் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்தச் சேர் உன்னால ஒடையல."

அவள் பார்த்தாள்.

"பொடி கலக்கறாங்க. கால் மெலிசு. அடியில தாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. யார் உக்காந்தாலும் ஒடையும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ வாங்கலாமான்னு கேட்டியே, அப்பவே."

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். குளுக்கோஸ் ஏறும் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒவ்வொரு ஞாயிறும் வந்து என் கையால சாப்பிட்டுட்டுப் போனியேடா. நான் இளைச்சுட்டேன்னு சொன்னியே."

"தப்புதான்க்கா."

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகுது? அங்க போய்ச் சொல்லு. எல்லாரும் உக்காந்திருக்கற நேரமாப் போ. உள்ள டாக்டர்கிட்ட இல்ல, வெளியில நின்னு சொல்லு. அவங்க முன்னாடிதானே நான் விழுந்தேன்."

அவன் சரி என்றான். கம்பெனியில் தெரிந்தால் வேலை போகும் என்று மனைவி அழுதாள். ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கூட்டமான நேரம் பார்த்துக் கிளம்பினான்.

அக்காவின் மேஜைக்குப் பின்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியானவள். "டோக்கன் எடுத்துட்டீங்களா?" என்றாள் நிமிராமலே. ஹாலில் நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், நாற்காலிகள் குறைந்திருந்தன. உட்கார்ந்தவர்கள் முதுகை வளைத்துப் போனைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தம்பி நடுவில் போய் நின்று தொண்டையைச் சரிசெய்தான்.

"இங்க டோக்கன் குடுத்தாங்களே, அவங்க தம்பி நான். அன்னைக்கு அவங்க விழுந்தது அவங்க ஒடம்பால இல்ல. இந்தச் சேருங்க சரியில்ல. நான்தான் இதச் செய்யறேன், எனக்குத் தெரியும்."

இரண்டு மூன்று பேர் நிமிர்ந்தார்கள். "யாருங்க விழுந்தது?" என்று கேட்டார் ஒருவர். பக்கத்திலிருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். குழந்தையின் தாய், அவன் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து, "வேணாம்ப்பா" என்றாள்.

சத்தம் கேட்டு டாக்டர் கதவைத் திறந்து, அவனை அடையாளம் கண்டு உள்ளே அழைத்தார். அக்காவைப் பற்றி அக்கறையோடு விசாரித்தார். தம்பி நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் கையை அசைத்தார்.

"தெரியும்ப்பா. உங்க அக்கா படுத்த பிறகு அஞ்சாறு போயிடுச்சு. போன வாரம் ஒரு வாத்தியார், குச்சி மாதிரி இருப்பார், அவரும் விழுந்தார். கடைக்காரனைக் கேட்டா, இப்ப எல்லாமே இப்படித்தான் வருதுங்கறான். மறுபடி வாங்கலாம்னா விலை இன்னும் ஏறியிருக்கு. என்ன பண்றது சொல்லு."

இதை யாராவது அக்காவிடம் வந்து சொன்னீர்களா என்று தம்பி கேட்க நினைத்தான். தான் கேட்கக்கூடிய கேள்வியா அது என்று தோன்றியது. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

அக்கா அப்போது வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் நுழைந்ததுமே கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

எல்லோரும் வருத்தப்பட்டார்கள் என்று ஒரு பொய்யை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. இருந்தவர்கள் எல்லாம் புது ஆட்கள், யாருக்கும் ஞாபகமில்லை என்றான். அவள் மனம் ஆறட்டும் என்று நினைத்து, நாற்காலிகள் தொடர்ந்து உடைந்ததையும் வாத்தியார் விழுந்ததையும் சொன்னான்.

"எந்த வாத்தியார்? மூச்சிரைப்புக்கு வருவாரே, அவரா?"

"அவராத்தான் இருக்கும். ஒல்லியா இருப்பாராம்."

அக்கா முழங்கால் மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "அவர் விழுந்தப்ப சிரிச்சாங்களா?" என்று கேட்டாள்.

அதை அவன் கேட்டு வைத்திருந்தான். வெளியே வரும்போது அந்த ஒல்லிப் பெண்ணே சொல்லியிருந்தாள்.

"இல்லக்கா. சேரைத் திட்டினாங்களாம்."

அக்கா தலையை மெல்ல ஆட்டினாள். ஒரு முறை ஆட்டியவள் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கணவர் வந்து அவள் தோளில் கை வைத்தார்.

தம்பியின் வேலை போகவில்லை. அவன் கிளினிக்கில் பேசியது கம்பெனி வரை போகவே இல்லை, அதைச் சுமந்து போக அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. அடுத்த மாதம் 'கோல்டு' ஸ்டிக்கருக்குப் பதில் 'டைமண்டு' ஸ்டிக்கர் வந்தது, பொடியும் கூடியது, விலையும். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். அவள் வா என்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.