இருவருக்கு ஒரே மயக்கம்

ஜவுளிக்கடைக்காரருக்குச் சொந்தத் தூக்கம் கிடையாது. மனைவி தூங்கினால் தூங்குவார், அவள் விழித்தால் விழிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மதியம் அவள் வீட்டில் கண்ணயர்ந்ததும் இவர் கடையில், பேரத்தின் நடுவே, விரித்த துணிமேலேயே சாய்ந்துவிடுவார். கெட்டிக்கார வாடிக்கையாளர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். கொட்டாவி விடுகிற வியாபாரி எந்த விலைக்கும் தலையாட்டுவார் என்பது தெருவுக்கே தெரியும்.

தெரியாதவர்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது, வெளியே பெஞ்சில் உறங்கிக்கொண்டிருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அவ முழிச்சிட்டா! கத்தி தெரியுது அவளுக்கு!" என்று அலறினார். குடித்திருக்கிறார் என்று காவலாளி வாசலில் கொண்டுபோய் விட்டான். உள்ளே, உடம்பைக் கட்டிப்போடும் மருந்து ஒழுங்காக வேலை செய்தது. தூங்கவைக்கும் மருந்துதான் போதவில்லை. எல்லாம் உணர்ந்தும் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடந்ததை அவள் பிறகு சொன்னாள். கனவு என்றார்கள்.

ஆகவே, சில வருஷம் கழித்துப் பித்தப்பையில் கல் சேர்ந்து சீழ் பிடித்தபோது, "கல்லோடயே போய்ச் சேர்றேன், மறுபடி அந்த மேசையில படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். புதிதாக வந்திருந்த மயக்க மருந்து டாக்டரம்மா முழுக்கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. "அப்ப இவர் வெளிய எதுக்கு? உள்ளயே உட்காரட்டும்" என்றார்.

பச்சை அங்கி மாட்டி, விழாமலிருக்க நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, மனைவியின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். அவள் நெற்றியில் ஒட்டிய பட்டை, மயக்கத்தின் ஆழத்தை எண்ணாகத் திரையில் காட்டியது. எண் இறங்க இறங்க இவர் தாடையும் இறங்கியது. குறட்டை வந்ததும் கத்தி வைத்தார்கள்.

பாதியில் இவர் ஒரு கண்ணைத் திறந்தார். "டாக்டரம்மா, பேச்சு சத்தம் அவளுக்கு லேசா கேக்குது."

"எண் சரியாத்தானே இருக்கு? கனவு கண்டிருப்பாரு" என்றார் சர்ஜன்.

டாக்டரம்மா வாதாடாமல் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். தூக்க மருந்து ஏறும் குழாய் கழன்று மெத்தை நனைந்திருந்தது. அதன் பிறகே திரையில் எண் ஏறத் தொடங்கியது. கருவி பொய் சொல்லவில்லை; கணக்குப் போட அதற்குச் சற்று நேரம் வேண்டும், புருஷனுக்கு வேண்டாம். குழாயை மாட்டி மருந்தைச் செலுத்தினார்.

"இப்ப பரவால்..." என்ற புருஷன் வார்த்தையை முடிக்குமுன்னே குறட்டை விட்டார்.

அவள் விழித்ததும், "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றாள்.

"முடிஞ்சுபோச்சும்மா."

டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஒண்ணுமே!" ஒன்றுமே கைக்கு வராததற்கு இத்தனை நன்றி சொன்ன ஆளை அந்த வியாபாரத் தெரு அதுவரை கண்டதில்லை. பக்கத்தில் புருஷன் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா இப்போதெல்லாம் அந்தக் கடையில்தான் துணி எடுக்கிறார், அதுவும் மதியத்தில். பேச்சின் நடுவே கடைக்காரர் சாய்ந்ததும், அவர் இமையைத் தூக்கிப் பார்த்து, "அம்மா நல்லா தூங்குறாங்க" என்று கடைப்பெண்ணிடம் சொல்லிவிட்டு, வீட்டில் அந்த அம்மாள் விழிக்கும்வரை விலை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.