நிறுத்திப் பார்த்தோமா, பார்ப்பதை நிறுத்தினோமா

முத்துமாரியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டபோது மணி இரண்டேகால். ஆம்பூரில் வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் கம்பெனி அது. மூன்றாவது லைனில் அவள்தான் செக்கர். ஒவ்வொரு ஜோடியையும் வளைத்துப் பார்த்து, அடியில் ஒட்டிய சோல் பிரியவில்லை என்று அவள் தலையசைத்த பிறகுதான் அது பெட்டிக்குள் போகும்.

ஏற்றுமதி மேனேஜர் சமீருல்லா உட்காரக்கூட இல்லை.

"செவ்வாய்க்கிழமை இன்னாம்மா நடந்துச்சு? செக் பண்ணாம வுட்டுட்டியா?"

"இன்னா சார் இப்படி கேக்கறீங்க? பசை சரியா பிடிக்கலன்னு லைனையே நிறுத்தினது நான்தானே? முந்நூறு ஜோடிக்கு மேல, ஒண்ணு வுடாம மறுபடி பார்த்தேன்."

"அதைத்தான் நானும் ஜெர்மனிக்கு எழுதினேன். அந்தம்மா லோடு ஏத்தாதன்னு பதில் போட்ருக்காங்க. நாலு மணிக்கு லாரி கிளம்பணும். ஒரே பேஜாரா போச்சு."

ஷூ வாங்கும் கம்பெனியின் கத்ரீன் எழுதிய பதில் திரையில் இருந்தது. சோதிப்பதை நிறுத்திவிட்டதாக நீங்களே சொல்கிறீர்கள், எங்கள் ஆள் நேரில் வந்து பார்க்கும்வரை ஒரு பெட்டியும் நகரக் கூடாது என்று.

"நீங்க அனுப்பினதைக் காட்டுங்க சார்."

அவள் விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. 'ஆன் டியூஸ்டே வீ ஸ்டாப்டு செக்கிங் த சோல்ஸ்.'

ஆறு மாதமாக ஞாயிறுதோறும் அவள் ஹெலன் டீச்சரின் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். 'ஸ்டாப்'புக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா என்ற இது ஒன்றுக்கே இரண்டு ஞாயிறு ஓடியிருந்தது.

"சார்! 'ஸ்டாப்டு செக்கிங்'னா செக் பண்றதையே வுட்டுட்டோம்னு அர்த்தம். 'ஸ்டாப்டு டு செக்'னாதான் செக் பண்றதுக்காக லைனை நிறுத்தினோம்னு வரும்!"

"இன்னா வித்தியாசம் அதுல?"

"டிரைவர் 'ஸ்டாப்டு டு டிரிங்க் டீ'ன்னா, வண்டிய ஓரங்கட்டிட்டு டீ குடிச்சாரு. 'ஸ்டாப்டு டிரிங்கிங் டீ'ன்னா, டீ குடிக்கற பழக்கத்தையே வுட்டுட்டாரு."

சமீருல்லா நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! ஒரு 'டு'வுக்கா இவ்ளோ கலாட்டா!" உடனே விசைப்பலகைப் பக்கம் குனிந்தார்.

"மெயில் வேணாம் சார். அவங்க எப்ப பார்ப்பாங்களோ. வீடியோ கால் போடுங்க."

மூன்றாவது தடவை மணி அடித்ததும் திரையில் கத்ரீனின் முகம் தெரிந்தது. சமீருல்லா வணக்கம் சொல்லிவிட்டு, போனை முத்துமாரியின் கையில் திணித்தார். "நிறுத்தினது நீ. நீயே சொல்லும்மா."

வகுப்புக்கு வெளியே அவள் யாரிடமும் இங்கிலீஷ் பேசியதில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மேடம், வீ ஸ்டாப்டு டு செக். வீ டிட் நாட் ஸ்டாப் செக்கிங்."

கத்ரீன் நிதானமாகக் கேட்டார், நீங்களே சோதித்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று.

ரிமெம்பர்! அதுவும் இதே கதைதான். மறக்காமல் இனி செய்ய வேண்டியது என்றால் 'டு'. செய்து முடித்தது மனதில் நிற்கிறது என்றால் 'இங்'.

"எஸ் மேடம். ஐ ரிமெம்பர் செக்கிங் எவ்ரி பேர். லெவன் பேர்ஸ் பேட். ஐ கெப்ட் தெம் அவுட்."

"ஷோ மீ," என்றார் கத்ரீன்.

முத்துமாரி போனோடு ஓடினாள். சமீருல்லா மூச்சு வாங்கப் பின்னால் வந்தார். சிவப்பு டேப் சுற்றிய பதினொரு ஜோடிகளும் கடைசி ரேக்கில் இருந்தன. ஒன்றை எடுத்து கேமரா முன் வளைத்தாள். சோல் வாயைப் பிளந்தது. அடுத்து, லாரிக்குப் போகவிருந்த பெட்டி ஒன்றைப் பிரித்து, நல்ல ஷூவை இரண்டு கையாலும் முறுக்கிக் காட்டினாள். ஒரு நூல்கூட அசையவில்லை.

கத்ரீன் சிரித்துவிட்டார். லோடு ஏற்றுங்கள், நிறுத்திப் பார்த்ததற்கு நன்றி என்றார். ஐந்து நிமிடத்தில் அதை எழுத்திலும் அனுப்பினார்.

"அடுத்த மெயில்லேர்ந்து நீ படிச்சி சரின்னு சொன்னாதான் நான் அனுப்புவேன்," என்றார் சமீருல்லா. "ஜாஸ்தி வேலைன்னு நெனச்சுக்காத. முதலாளிகிட்ட பேசி ஆபீஸ்லயே உனக்கு ஒரு டேபிள் போடச் சொல்றேன்."

லாரி நாலேகாலுக்குக் கிளம்பியது. முத்துமாரி லைனுக்குத் திரும்பியதும், பக்கத்து மெஷின் ரஃபத் ஜஹான் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குடி ஓடினே? ஆரம்பத்திலேர்ந்து சொல்லு!"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது லைனில் ஒவ்வொரு மெஷினாகச் சத்தம் அடங்கியது.