பாதித் தலையும் தடையுத்தரவும்

டீச்சரின் தலையில் வலது பாதிக்குச் சாயம் பூசியாகிவிட்டது. இடது பாதிக்காக அண்ணி பிரஷ்ஷை எடுத்தபோதுதான் பார்லர் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் கோர்ட்டு ஊழியர். அவர் பின்னால் கம்பெனி மேனேஜர், வீடியோ ஓடும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஓனர் யாருங்க?"

"நான்தான்."

"இடைக்காலத் தடையுத்தரவு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. வாங்கினதுமே வேலை நிக்கணும்."

அண்ணி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "கம்பெனி போர்டைத்தான் போன மாசமே கழட்டிட்டேனே! என் பேர்லதானே நடத்துறேன்?"

சோபாவிலிருந்து நாத்தனார் எழுந்து வந்தாள். வக்கீல். காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"பேர் இல்ல அண்ணி பிரச்சினை. அவங்க கம்பெனி கிளையா நடத்துற ஒப்பந்தம் முடிஞ்சப்புறம் ரெண்டு வருஷம் இந்த ஏரியாவுல இதே தொழில் செய்ய மாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. மீறினா, நஷ்டக் கணக்கு காட்டாமலே, உங்களைக் கூப்பிட்டுக் கேக்காமலே அவங்க தடை கேக்கலாம்னும் ஒத்துக்கிட்டிருக்கீங்க. படிக்கலையா?"

"அத்தனை பக்கத்துல எனக்குக் கையெழுத்துப் போடற இடம் மட்டும்தான் தெரிஞ்சுது."

"எங்கிட்ட காட்டியிருக்கலாமே."

"காட்டினா உங்க அண்ணன்கிட்ட சொல்லி நிறுத்தியிருப்பே."

"நிறுத்தியிருப்பேன்தான்!"

"உங்க பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்குங்க. தலை எரியுது!" என்றாள் டீச்சர். வலது கையில் மாவுக்கட்டு. கை உடைந்ததால்தான் சாயம் பூச இங்கே வந்தவள்.

அண்ணி குழாய்ப் பக்கம் பாய்ந்தாள். நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்க! வெள்ளிக்கிழமை விசாரணை. உத்தரவை மீறிட்டாங்கன்னு இந்த வீடியோவைப் போட்டா நம்ம பேச்சு எடுபடாது. கடை அதோட போச்சு."

"அப்போ நீ கழுவு."

"'அவரோ, வேலையாட்களோ, உறவினரோ'ன்னு போட்டிருக்கு. நானும் உறவு. உங்க புண்ணியத்துல."

"கண்ணுல வழியுது!"

நாத்தனார் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "தடை எங்களுக்கு. உங்களுக்கு இல்ல. தலை வெந்துச்சுன்னா டீச்சர் முதல்ல யாரைக் கேப்பாங்க?"

மேனேஜர் கோர்ட்டு ஊழியரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் கொடுக்க மட்டும்தான் வந்தேன்."

மேனேஜரின் கைபேசி பைக்குள் போனது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குழாயைத் திறந்தார். அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"சூடு பாருங்க! ஐயோ, நெத்தியில ஊத்தாதீங்க... காதுக்குப் பின்னாடி..." சட்டென்று நாத்தனாரைப் பார்த்தாள். "சொல்றதுகூட தொழிலாடி?"

"தெரியல அண்ணி. வாயை மூடிக்குங்க."

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கறுப்புத் தண்ணீர் ஓடி ஓடி ஒருவழியாகத் தெளிந்தது.

கண்ணாடியில் டீச்சர் தன்னைப் பார்த்தாள். ஒரு பக்கம் திட்டுத்திட்டாகக் கறுப்பு. மறுபக்கம் முழு வெள்ளை.

"மேடம், எங்க இன்னொரு கிளையில இலவசமா முடிச்சுத் தர்றோம்," என்றார் மேனேஜர். அவர் காலரும் கறுத்திருந்தது.

டீச்சர் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "வக்கீலம்மா, வெள்ளிக்கிழமை யாருக்குக் கஷ்டம்னு ஜட்ஜ் பார்ப்பாரா?"

"பார்ப்பார். தடை நீடிச்சா யாருக்கு எவ்வளவு பாதிப்புன்னு எடை போடணும்."

"அப்போ இந்தத் தலையோடயே வர்றேன். ஆரம்பிச்ச கையே முடிக்கட்டும்."

"ஜெயிப்போமா?" என்றாள் அண்ணி.

"கையெழுத்து உங்களுது. அதை அழிக்க முடியாது. ஆனா பேச ஒரு தலை கிடைச்சிருக்கு."

எல்லோரும் வெளியே வந்தார்கள். ஷட்டரை இழுக்கக் குனிந்த அண்ணி பாதியில் நிமிர்ந்தாள்.

"இதையாவது நான் தொடலாமா?"

"தொடலாம் அண்ணி. அதைத்தான் அவங்க கேட்டிருக்காங்க."