முள்ளுக்கடியில் இன்னொரு முள்

...இல்லை, இது அழுக்கு இல்லை, அழுக்காக இருந்தால் பஞ்சோடு வந்திருக்கும், தெய்வசிகாமணி லென்ஸைக் கண்ணில் இன்னும் அழுத்திக்கொண்டார், என்ன அழகு இந்த டயல், பாலாடை நிறம், மயிரிழையில் எழுதின எண்கள், பிரெஞ்சுக்காரன் செய்தால் செய்ததுதான்... காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வாட்ச் விற்கிற கண்ணையனிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பார், நான் மொதமொதல்ல பிரிச்சு ஓடவெச்ச வாட்ச்சுப்பா, கல்யாணத்தன்னிக்கு சுலோசனா கையில கட்டினது, இருபத்தேழு வருஷமா மூடியத் தொறந்ததில்ல, ஒரு நிமிஷம் பிசகினதில்ல... திறக்க அவள் விட்டால்தானே, நல்லா ஓடுது, நீங்க கை வெக்காதீங்க என்பாள், காலையில் குழாயடியில் இடித்துக் கண்ணாடி உடைந்ததால் அரைமனதாகக் கழற்றிக் கொடுத்தாள்.

கண்ணாடியை எடுத்து முள்ளைத் திருப்பினார், அவ்வளவுதான், நாலு இருபதில் நின்ற முள் நகர்ந்ததும் அடியில் இன்னொரு முள், பழுப்பாக, இஸ்திரிப் பெட்டி சுட்ட தடம்போல... இது அவருக்குத் தெரியாததா, சந்தைக்கு வருகிறவனையெல்லாம் நிறுத்தி வைத்துப் பாடம் எடுக்கிற மனுஷன், ரேடியம் பூசின முள் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நின்றால் டயலைச் சுட்டுவிடும், ஓடுகிற வாட்ச்சில் இந்தத் தடம் வரவே வராது. அப்படியானால் இது ஓடவேயில்லை. அடிப்பாவி!

ஓடாத வாட்ச்சையா கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்கும் காலாப்பட்டு பஸ்ஸுக்கும் போய்வந்தாள்... மணி என்ன சுலோ என்றால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து டக்கென்று சொல்வாளே, தப்பினதே இல்லையே... பிடிக்கவில்லையோ, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய், எவனோ ஒரு சொல்தா, கழற்றிப் போட்ட பழசைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தானே கஞ்சன் என்று அன்றைக்கே மனசு விட்டுப்போயிற்றோ, சொன்னால் புருஷன் வருத்தப்படுவான் என்று இத்தனை காலம் சும்மா கட்டிக்கொண்டிருந்தாளோ...

சுலோசனா காபியோடு வந்து நின்றாள், டயலைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தாள்.

"ஏம்மா, இதுக்கு நீ சாவியே குடுக்கலியா?"

"நீங்கதான சொன்னீங்க... ஒரு சுத்து அதிகமாப் போனாலும் ஸ்பிரிங் அறுந்துடும், இது மாதிரி ஊர்லயே இன்னொண்ணு கெடையாதுன்னு. எத்தினி சுத்துக்கு மேல அதிகம்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பயந்துக்கினு தொடவே இல்ல."

"அப்ப மணி எப்பிடிச் சொன்ன?"

"மில்லு சங்கு, மாதா கோயில் மணி... ரெண்டும் இல்லன்னா உங்க பசி. அது ஒரு நாளும் லேட்டாவாது."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கெட்டிக்காரி, எந்தச் சுவிஸ்காரன் இப்படி ஒரு மெஷின் செய்வான், ஓடாத வாட்ச்சை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நேரத்துக்கு ஓட்டியிருக்கிறாளே... புதுக் கண்ணாடியைப் பொருத்தினார், டயலில் அந்தத் தடம் இருக்கட்டும், எவன் சொன்னாலும் அழிக்கப்போவதில்லை. அவள் கையை நீட்டியபடி, சாதாரணமாகத்தான் சொன்னாள், "வாட்ச்சு பைத்தியமாச்சே நீங்க, என்னிக்காவது ஒருநாள் நீங்களே பாத்துக் கேப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

சந்தையில் பத்தடி தூரத்திலேயே எவன் கையில் என்ன வாட்ச் என்று சொல்லிவிடுகிற கண்... தினமும் காபி நீட்டிய இந்தக் கையை... அவர் சாவியில் விரலை வைத்தார், திருகவில்லை, நீட்டின கை அப்படியே இருந்தது, அந்த மணிக்கட்டில் வாட்ச் அளவுக்கு வெளுத்துப்போயிருந்த வட்டத்தை இப்போதுதான் பார்த்தார்.